கறையா, எழுத்தா?

வாயில் துணி கிளிப், இடது கையில் நிப்பு, வலது கையில் பாதியாக உடைத்த பழைய பிளேடு. சர்ச்சிலிருந்து வந்த யூனிஸ் புடவைகூட மாற்றாமல், துவைக்கிற கல்லுக்கு எதிரே முக்காலியைப் போட்டுக்கொண்டு, நிப்பின் பிளவுக்குள் பிளேடை விட்டு ஓர் இழுப்பு இழுத்தாள். உறைந்து கிடந்த மை மயிரிழை போல வெளியே வந்தது. கிளிப்பை எடுத்துவிட்டுச் சொன்னாள்:

"எழுதலைன்னு உதறி உதறி அடிச்சிருக்கீங்க. தொண்டை கட்டினவனை முதுகுல அடிச்சா பாடுவானா சார்?"

சார் என்பது ஸ்ரீநிவாசராகவன். கிண்டியில் ஏதோ ஓர் அலுவலகத்தில் சூப்பரிண்டெண்ட். கவிழ்த்த வாளி ஒன்றின்மேல் உட்கார்ந்து, திட்டு வாங்குவதும் சிகிச்சையில் சேர்த்தி என்பதுபோலத் தலையாட்டினார். கடற்கரை ரயிலில் தினமும் நெஞ்சோடு நெஞ்சு நசுங்கிப் போய் வருகிறவர்களுக்குச் சட்டைப் பை ஓரத்தில் ஒரு நீலக் கறை உண்டு. மேற்குத் தாம்பரத்தின் அந்த நாலு தெருவில் அப்படிப்பட்ட நெஞ்சுகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை யூனிஸ் வீட்டுக் கொல்லைக்கு வந்து சேரும். கூலி, இரண்டு எலுமிச்சம்பழம். அதையும் அவள் அடுத்தவர் கறைக்கே பிழிந்துவிடுவாள்.

எப்படிப் பட்டது, யார் கொட்டியது என்ற கதையெல்லாம் அவளுக்கு வேண்டாம். ஒரே கேள்வி: "எந்த இங்க்? வாஷபிளா, பெர்மனண்டா?" வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் "ப்ளூ" என்பார்கள். ஆகாயமும் ப்ளூதான் என்று முணுமுணுத்துக்கொண்டே, ஈரத் தீக்குச்சியால் கறையின் ஓரத்தைத் தொடுவாள். நீலம் பயந்து ஓடினால் வாஷபிள். வெறும் தண்ணீர் போதும். அசையாமல் நின்றால் பெர்மனண்ட். எலுமிச்சை, உப்பு, வெயில். அதற்கும் மசியாவிட்டால் மறுபடி எலுமிச்சை, மறுபடி உப்பு, மறுபடி வெயில். கறை விடாக்கண்டன் என்றால் அவள் கொடாக்கண்டன். பால்பென் கறையோடு வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள். "அது பேனா இல்ல, ஆணி. ஆணி குத்தினா ஆஸ்பத்திரிக்குப் போங்க." பேனாவை வெந்நீரில் கழுவியவர்களுக்கோ மன்னிப்பே கிடையாது. "பேனாவா, நண்டா, வெந்நீர்ல போடறதுக்கு?"

மற்ற நாளில் அவள் ஒரு பெண்கள் பள்ளியில் கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டர். பதினாறு வருடமாகச் சோதனைக்குழாய்களைக் கழுவுகிறவளுக்குச் சொந்தமாக ஒரு குழாய் கிடையாது. அதுதான் அவளுக்கு நேர்ந்த சோதனை. குடியிருப்பது பின்போர்ஷனில். தண்ணீர், முன்போர்ஷனில் இருக்கும் வீட்டுக்கார மாமி அபிதகுஜாம்பாளின் கிணற்றிலிருந்து. கறை வேலைக்கு ஞாயிறு ஒன்றுக்கு இரண்டு வாளி என்பது மாமி போட்ட சட்டம். ஜன்னல் வழியாகச் சட்டம் அவ்வப்போது எட்டிப் பார்க்கும்.

"யூனிஸ், இது எத்தனாவது வாளி? மோட்டார் என்ன, தானா ஓடறதா?"

"ரெண்டாவது மாமி."

பன்னிரண்டு வருடமாக இதே கேள்வி, இதே பதில். மூன்று வருடம் முன்பு யூனிஸ் ஒரு முடிவுக்கு வந்து, கடைத்தெருவுக்குப் போய் நல்ல கனமான பித்தளைக் குழாய் ஒன்றை வாங்கி வந்துவிட்டாள். குழாய் முதலில், சுவர் பிறகு. "சுவர் இருந்தாதான் சித்திரம் எழுதலாம்பாங்க. இவ சுவரில்லாம குழாயே வச்சுட்டா" என்று கணவன் தாவீது போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவள் கண்டுகொள்வதில்லை. ஞாயிறுதோறும் கடைசிப் பேனா முடிந்ததும் குழாய்க்குப் புளி போட்டுத் தேய்ப்பாள். இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர் பார்க்காத அந்தக் குழாய் கல்லின் ஓரத்தில் பளபளவென்று காத்துக்கொண்டிருக்கும்.

அன்று ஸ்ரீநிவாசராகவன் பேச்சுவாக்கில் சொன்னார்: "சாயங்காலம் ஒரு பிளாட் பாக்கப் போறோம், யூனிஸ். முடிச்சூர் பக்கம். லேக் வியூ நகர்னு நம்ம சேட்டு நோட்டீஸ் குடுத்தான். பிடிச்சிருந்தா இன்னிக்கே அட்வான்ஸ்." சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார்.

அவருடைய சட்டைக்காக அவள் எலுமிச்சம்பழத்தை நறுக்கி வைத்த நேரத்தில் மொபெட் சத்தம் கேட்டது. நில புரோக்கர் சேட்டு ரெக்ஸின் பையோடு உள்ளே வந்தான்.

"இன்னாக்கா, ஞாயித்துக்கெழமையும் டூட்டியா?"

"வா சேட்டு. சட்டையா, பேனாவா?"

"ரெண்டும் இல்லக்கா. ஒரு சின்ன பேஜாரு." முக்காலி அருகே குந்தி, பையிலிருந்து ஒரு பழைய நில வரைபடத்தை எடுத்தான். அதன்மேல் அவனே பென்சிலால் கட்டம் கட்டி, ஒன்றிலிருந்து முப்பத்திரண்டு வரை மனை நம்பர் போட்டிருந்தான். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு நீல மை. "பாட்டில் கவுந்துக்கிச்சு. லோனுக்கு பேங்க்ல ஒரிஜினல் கேக்கறான். கறையோட குட்தா வாங்க மாட்டேன்றான்."

யூனிஸ் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"கவுந்துச்சா, கவுத்தியா?"

"இன்னாக்கா இப்டி கேட்டுட்ட?"

"கவுந்த இங்க் ஓடும். இது நட்ட நடுவுல சம்மணம் போட்டு உக்காந்திருக்கே. அடியில வேற ஏதோ எழுத்து தெரியுது."

வெளிச்சத்தில் படிக்க முடிந்தது. நீலத்துக்கு அடியில், என்றோ யாரோ நிதானமாக எழுதிய கரிய எழுத்து: ‘மழைக்கால நீர்ப்பிடிப்பு'. ஆக, லேக் வியூ என்று சேட்டு நோட்டீஸில் போட்டது பொய்யில்லை. மழைக்காலத்தில் அந்த வியூ கூடத்துக்கே வந்துவிடும் என்பதைத்தான் போடவில்லை.

சேட்டு குரலைத் தாழ்த்தினான். "அதுவும் கறைதான்க்கா. எவனோ கிறுக்கினது. இத எடுக்க சொல்ல அதையும் சேத்து எடுத்துடு. ஒரே வேல."

"துணியில இருந்தா கறை. பேப்பர்ல இருந்தா எழுத்து."

"பதினேழாம் நம்பர பாரு. கார்னர் பிளாட். உனக்குன்னே வச்சிக்கினு கீறேன். நீ இத முடிச்சிக் குடு, அது உன்னுது. பத்தடியில தண்ணி, அக்கா! உன் கொழாய எந்த செவுத்துல வேணா மாட்டிக்கோ."

பத்தடியில் தண்ணீர். யூனிஸ் பதினேழாம் நம்பர் மேல் கட்டைவிரலை வைத்தாள். விரல் சரியாக உட்கார்ந்தது. இங்கே சமையலறை. இங்கே ஒரு துவைக்கிற கல். கல்லுக்கு மேலே சுவர், சுவரில் குழாய். திறந்தால் கொட்டும். எத்தனாவது வாளி என்று கேட்க ஓர் ஆத்மா இருக்காது.

மேலே கிடப்பது வாஷபிள்; தண்ணீருக்கே போய்விடும். அடியில் இருப்பது பழைய பெர்மனண்ட். எலுமிச்சை, உப்பு, கொஞ்ச நேரம் வெயில் போதும், அதுவும் போய்விடும். அவளால் முடியாத வேலை இல்லை. சிக்கலே அதுதான். அவள் கை தானாக எலுமிச்சம்பழ மூடியை எடுத்தது. ஒரு சொட்டு விரலில் வழிந்தது.

"பத்தடியிலயா தண்ணி?"

"சத்தியமாக்கா!"

"மழை பேஞ்சா எத்தனை அடியில?"

சேட்டு மொபெட் சாவியைப் பார்த்துக்கொண்டான். "மழ இன்னா, டெய்லியா பேய்து?"

யூனிஸ் பழத்தைக் கீழே வைத்து, விரலைக் கழுவினாள்.

"தண்ணிக்குப் பக்கத்துல ஒரு வீடு குடுன்னுதான் ஆண்டவர்கிட்ட கேட்டிருக்கேன் சேட்டு. தண்ணிக்கு அடியில கேக்கல." பிறகு ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "மாமி, இன்னும் ஒரு வாளி எடுக்கறேன். இது மூணாவது."

மாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு வருடத்தில் மூன்று என்ற எண் அந்தக் கொல்லையில் ஒலித்ததில்லை.

காகிதத்தை ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் விரித்து, இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். நீலம் இளகியது. சாக்பீஸை ஓரத்தில் வைத்ததும் சரசரவென்று அதில் ஏறியது. வெள்ளைச் சாக்பீஸ் ஒவ்வொன்றாக நீலமாகிக் கல்லின்மேல் படுத்தது. சேட்டு தொடையைத் தட்டினான். "கைய்யி கைய்யிதான்க்கா! போவுது பாரு, போவுது பாரு..."

போனது. போகப்போக, அடியிலிருந்து ‘ம' வந்தது. பிறகு ‘ழை'. சேட்டுவின் சிரிப்பு அந்த இடத்தில் நின்றது.

"அக்கா, இன்னாக்கா இது, மேல வந்துகினே கீது?"

"கறை போச்சு. எழுத்து நிக்குது."

"அதையும் எடுக்கா!"

"அது பெர்மனண்ட்."

"அதான் எலுமிச்சம்பழம் கீதே!"

"அது சாரோட சட்டைக்கு."

காகிதத்தைப் பிடுங்கச் சேட்டு கையை நீட்டினான். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "தொடாதே. நனைஞ்ச பேப்பர். தொட்டா கையோட பிஞ்சு வரும். ஒரிஜினல்."

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. "காய எவ்ளோ நேரம் ஆவும்?"

"வெயிலைப் பொறுத்து."

கண்ணாடித் தகட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, சந்து வழியாக வாசலுக்குப் போனாள். நல்ல வெயில் விழுவது அங்கேதான். நெஞ்சளவு காம்பவுண்டுச் சுவர். அதை ஒட்டி, கோயிலிலிருந்தும் இரண்டாவது ஆராதனையிலிருந்தும் ஜனம் திரும்பிக்கொண்டிருந்தது. பின்னாலேயே ஸ்ரீநிவாசராகவன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால், தொடவும் முடியாமல் விடவும் முடியாமல் சேட்டு.

தகட்டைச் சுவரின்மேல் வைத்தாள். எழுத்து அவளைப் பார்த்து இருந்தது. தகட்டை மெல்லச் சுற்றி, தெருவில் நிற்பவர் படிக்கும்படி திருப்பி வைத்தாள்.

"மழைக்கால..." என்று ஸ்ரீநிவாசராகவன் எட்டிப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தார். "சேட்டு, இதுவா லேக் வியூ நகர்?"

காற்று அடித்துக் காகிதத்தின் ஒரு மூலை தூக்கியது. சேட்டு காற்றை நம்பிக்கையோடு பார்த்தான். யூனிஸ் கொல்லைக்கு விடுவிடுவென்று போய், பித்தளைக் குழாயைக் கொண்டுவந்து, முந்தானையால் ஒருமுறை துடைத்து, பதினேழாம் நம்பர் மேல் வைத்தாள்.