இரண்டு ஊர் விடுமுறை

மே மாத மத்தியானத்தில் சிவப்பு சிமெண்ட் தரையில் ஒரு சொம்புத் தண்ணீரைத் தெளித்துக் கையால் பரப்பிவிட்டு, அது காய்வதற்குள் கன்னத்தை வைத்துப் படுத்தால், முதலில் குளிர்ச்சி தெரியும், பிறகு சுண்ணாம்பும் மண்ணும் கலந்த ஒரு வாசனை மூக்கில் ஏறும், அதற்கும் பிறகு கீழே அப்பாவின் கடையில் அரிசி மூட்டையை இழுக்கிற சத்தம் தரை வழியாகவே காதுக்குள் வரும். கல்கத்தாவில் லேக் கார்டன்ஸ் பக்கத்துச் சந்து ஒன்றில், அப்பளமும் காப்பித்தூளும் இட்லி அரிசியும் விற்கிற அந்தக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் குடியிருந்தோம். ஈரம் காய்ந்ததும் வேறு இடத்தில் தெளித்து அங்கே உருளுவேன். சாயங்காலத்துக்குள் அறை முழுவதும் உருண்டு முடித்திருப்பேன். ஏன் இப்படிப் புரளுகிறாய் என்று கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

ஏனென்றால் பள்ளிக்கூடம் மூடிய மறுநாளே சந்து காலியாகிவிடும். வங்காளிப் பிள்ளைகளுக்கு கோடை விடுமுறை என்றால் "மாமாபாரி", அதாவது தாய்மாமன் வீடு. எதிர்வீட்டு மிட்டு என் வகுப்பு. அவளும் போய்விடுவாள். போவதற்கு முன்னால் அவளுடைய அம்மா, நான் "காக்கிமா" என்று கூப்பிடுகிறவர், மாங்காயைச் சீவி உப்பும் மிளகாயும் போட்டுக் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்து ஒரு கிண்ணம் எனக்கும் தருவார். கண்ணில் நீர் வர வர அதைத் தின்றுகொண்டே ரிக்‌ஷா கிளம்புவதைப் பார்த்து நிற்பேன். "துயி கோபே ஜாபி?" என்று மிட்டு கேட்பாள், நீ எப்போது போவாய் என்று. எங்களுக்கு மட்டும் அது தெரியாது. அப்பா கடையை விட்டு வர மாட்டார். அம்மாவும் நானும் அம்மாவின் ஊரான கோவில்பட்டிக்குப் போவதற்கு டிக்கெட் கிடைக்க வேண்டும், அதற்கும் முன்னால் கடைக்கு வேண்டிய கூழ்வத்தலை அம்மா போட்டு முடிக்க வேண்டும்.

அந்த வத்தலுக்கு மொட்டை மாடியில் காவல் இருப்பது என் வேலை. பழைய வேட்டியில் வரிசை வரிசையாகக் கிள்ளி வைத்த கூழ் ஒரு பக்கம், அப்பாவின் கறுப்புக் குடைக்குக் கீழே நான் ஒரு பக்கம். மேலே மட்டும் காய்ந்து உள்ளே கொழகொழவென்று இருக்கிற பாதி வத்தலுக்கு இணையான பண்டம் உலகத்தில் இல்லை என்று அப்போது நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். தின்றுவிட்டு மற்றதைத் தள்ளித் தள்ளி வைத்து இடத்தை நிரப்புவேன். தூரத்தில் பஜ்பஜ் லோக்கல் ரயில் போகிற சத்தம், தெருவில் நுங்கு விற்கிறவனின் "தால்ஷாஸ்" என்ற குரல், அப்புறம் வெயில். பேச ஆள் கிடையாது. காக்கையிடம் பேசுவேன்.

அம்மா பெரிய கெட்டிக்காரி, ஆனால் வானத்தை மட்டும் அவளுக்குக் கோவில்பட்டி வானமாகத்தான் பார்க்கத் தெரியும். வடமேற்கில் கறுத்துக்கொண்டு வந்தால் கல்கத்தாக்காரர்கள் துணியை அள்ளிக்கொண்டு ஓடுவார்கள், "கால்போய்ஷாகி" புயல் வருகிறது என்று. அம்மா அண்ணாந்து பார்த்து, "இது கலையுத மேகம்ட்டி, நம்ம ஊர்ல எத்தன பாத்திருக்கேன்" என்பாள். ஒரு வருஷம், பள்ளிக்கூடம் மூடுவதற்கு முன்பே, அப்படிச் சொல்லி வாய் மூடுவதற்குள் காற்று வேட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போனது. மழை விட்டதும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் ஈர வத்தலைக் கையில் ஏந்திக்கொண்டு, என்ன ஜந்துவோ என்ற முகத்தோடு எங்கள் படியேறி வந்தார்கள். காக்கிமா சிரிப்பை அடக்க முடியாமல் என்னவோ சொன்னார்.

"அவுக என்னட்டி சொல்லுதாக?"

"அவங்க சாமி படத்து மேல ஒண்ணு ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குதாம்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளும் சிரித்தாள். வங்காள மொழியில் அவளுக்குத் தெரிந்தது நாலைந்து சொல்தான். காய்கறிக்காரர், டாக்டர், பக்கத்து வீடு என்று எல்லோரிடமும் அவளுக்காகப் பேசுவது நான்தான்.

ஒருவழியாக டிக்கெட் வரும். ஹவுராவில் ஏறியதிலிருந்து அம்மா வாய் திறக்க மாட்டாள். அதைத் தாண்டி வரும் சாந்த்ராகாச்சி யார்டில் நிற்கிற ரயில் வண்டிகளெல்லாம் பின்னால் போய் முடிந்த பிறகுதான் காலை மேலே மடக்கி வைத்து முறுக்கு டப்பாவைத் திறப்பாள். அங்கிருந்து அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஆந்திரா தாண்டினால் பக்கத்துப் பெட்டிக்காரர்களோடும் சம்பந்தி மாதிரி பேசுவாள். கோவில்பட்டியில் இறங்கும்போது நான் பார்த்திராத ஒரு பெண்பிள்ளையாக இருப்பாள்.

எனக்கு அது தலைகீழ். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடங்கள் ஏப்ரலில் மூடி ஜூன் தொடக்கத்தில் திறந்துவிடும். எங்களுக்கு விடுமுறையே மே நடுவில்தான். வத்தலையும் டிக்கெட்டையும் தாண்டி நாங்கள் போய்ச் சேரும்போது, என் மாமா மகள் செல்வி புதுப் புத்தகங்களுக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டுக்கொண்டிருப்பாள். அவளும் என் வயதுதான். வந்த ஓரிரு நாள், "ஏட்டி கல்கத்தா, பெங்காலில ஏதாச்சும் பேசு" என்று நடுவில் நிறுத்திச் சுற்றி உட்கார்ந்து சிரிப்பார்கள். அதுகூட எனக்குப் பிடித்திருந்தது. அப்புறம் ஒரு காலையில் ரிப்பன் கட்டி எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். இந்த ஊரிலும் தெரு காலி.

அங்கேயும் சந்தோஷங்கள் இல்லாமல் இல்லை. பம்புசெட் தொட்டியில் யாரும் இல்லாத நேரத்தில் கழுத்துவரை அமிழ்ந்து கிடக்கலாம். ஆனி மாதக் காற்றில் பாவாடையை விரித்துக்கொண்டு எதிர்த்து நடந்தால் ஆளையே பின்னால் தள்ளும். மத்தியானத்தில் நான் போவது பள்ளிக்கூடத்துச் சுவர்ப் பக்கம். உள்ளே பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்வதை வெளியே சாய்ந்துகொண்டு கேட்பேன், கூடவே வாய்க்குள் சொல்வேன். வாசலில் இலந்தைவடை விற்கிற அம்மாளுக்கு அந்த நேரத்தில் நான் ஒருத்திதான் கிராக்கி.

"நீ பள்ளிக்கூடம் போவலையா தாயி?"

"எங்க ஊர்ல லீவு."

"நல்ல ஊரா இருக்கே! அடுத்தவன் படிக்கையில லீவு விடுத ஊரு."

ஏழாம் வகுப்பு விடுமுறையில்தான் அது நடந்தது. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே மாமா அம்மாவிடம் சொன்னார்: "பிள்ளைய இங்கனயே விட்டுட்டுப் போம்மா. செல்விகூடச் சேந்து படிக்கட்டும். அங்கன என்ன பாஷையோ என்ன எழவோ, நாளைக்கி கட்டிக் குடுக்க வேண்டாமா?"

அம்மா, "பாப்போம்ணே" என்றாள்.

அந்தப் "பாப்போம்" எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மாட்டேன் என்று சொல்லியிருந்தால் தூங்கியிருப்பேன், சரி என்றிருந்தாலாவது அழுதிருப்பேன். நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிற பிள்ளை. காலையில் கண் விழித்ததும் அம்மாவின் பை மூலையில் இருக்கிறதா என்று பார்ப்பேன். அவள் கோவிலுக்குப் போனால் பஸ் நிற்கிற இடம்வரை பின்னாலேயே போவேன். கொடியில் என் பாவாடை அம்மாவின் சேலையோடு காய்கிறதா, செல்வியின் துணியோடு காய்கிறதா என்பதைக்கூட ஒரு சகுனமாகப் பார்த்தேன். செல்வியின் துணியோடு இருந்தால் யாரும் பார்க்காமல் எடுத்து மாற்றிப் போடுவேன்.

மாமா என்னைத் தலைமையாசிரியரிடம் கூட்டிப் போனார். அவர் ஒரு செய்தித்தாளைத் தந்து வாசிக்கச் சொன்னார். கடையில் பொட்டலம் கட்ட வரும் பழைய தாள்களில் எழுத்துக் கூட்டிக் கற்ற தமிழ் எனக்கு, தட்டுத் தடுமாறி வாசித்தேன். நல்ல மனிதர், திட்டவில்லை. "ஆறாம் வகுப்புல உக்காரட்டும், ஒரு வருஷத்துல பிடிச்சிருவா" என்றார். அந்த வருஷம் எட்டாம் வகுப்புக்குப் போயிருந்த செல்வி வீட்டுக்கு வந்து, "எனக்கு ரெண்டு கிளாஸ் கீழயா? அப்ப நீ என்னை அக்கான்னு கூப்பிடணும்" என்றாள். ஆனால் அன்று சாயங்காலமே தன்னுடைய பழைய ஆறாம் வகுப்புப் புத்தகங்களைத் தேடி எடுத்துத் தூசி தட்டி என் தலைமாட்டில் வைத்தாள். அவளோடு இருக்கவும் ஆசை, அம்மாவை விடவும் முடியாது.

அம்மா முடிவெடுக்காமலேயே நாட்களைத் தள்ளினாள். கோவில் கொடைத் திருவிழா முடியட்டும் என்றாள், அத்தைக்குக் காய்ச்சல் என்றாள். கல்கத்தாவில் என் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது எனக்குத் தெரியும், சொல்லப் பயம். சொன்னால், "அப்ப இங்கனயே இரு" என்று விடுவாளோ என்று. ஆடி பிறந்த பிறகு ஒரு காலையில் அம்மா துணி மடிக்க உட்கார்ந்தாள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சேலைகளை வைத்தாள். பிறகு என் பாவாடையை எடுத்து, உதறி, மடித்து, அதற்கு மேலே வைத்தாள். மாமா, "நல்லா யோசிச்சியாம்மா?" என்று மட்டும் கேட்டார். அம்மா நிமிரவில்லை. "என் பிள்ள என்கூடயே இருக்கட்டும்ணே" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கல்கத்தா வந்து சேர்ந்தபோது பாடமெல்லாம் வெகுதூரம் போயிருந்தது, ஒரு பரீட்சையும் முடிந்திருந்தது. அடுத்த வருஷம் திரும்ப ஏழாம் வகுப்பிலேயே உட்காரட்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். மிட்டு மேலே போக நான் கீழே உட்காருவதா என்று அழுதேன். அப்பா, "இப்போதைக்கிக் கடையில நில்லு, அடுத்த வருஷம் பாப்போம்" என்றார். அடுத்த வருஷம் யாருக்கும் அது ஞாபகத்துக்கு வரவில்லை. எனக்கு வந்தது, நான் கேட்கவில்லை.

இப்போதும் அதே கடையில்தான் இருக்கிறேன். அப்பா இல்லை. அம்மாவும் நானும். பக்கத்து வீடுகளெல்லாம் இடிபட்டு உயர உயரமான கட்டிடங்களாகிவிட்டன, மொட்டை மாடிக் கதவுகளுக்குப் பூட்டு. மிட்டு பெங்களூரில் இருக்கிறாளாம். சந்துப் பிள்ளைகள் மாமாபாரிக்குப் போவதாகத் தெரியவில்லை, அவர்களுடைய மாமாக்களும் இப்படி ஒரு கட்டிடத்தில்தான் இருப்பார்கள். கூழ்வத்தல் எங்களுக்கே பாக்கெட்டில் வருகிறது. வெயில் தாங்காமல் இங்கே விடுமுறையை முன்னால் இழுக்கிறார்கள், அங்கே தமிழ்நாட்டில் திறப்பதைத் தள்ளிப் போடுகிறார்கள். செல்வியும் நானும் அன்றைக்கு ஆசைப்பட்ட மாதிரி இரண்டு ஊர் விடுமுறையும் ஒன்றாக வர ஆரம்பித்திருக்கிறது. மாமா வீடு பங்கு பிரிந்து கைமாறிவிட்டது. செல்வி டீச்சராகி, தூத்துக்குடியில் இருக்கிறாள்.

போன வாரம் அவள் போன் செய்து பள்ளிக்கூடம் திறப்பது தள்ளிப்போன செய்தியைச் சொன்னாள். வைத்த பிறகு மனசு கேட்காமல், பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்: "அன்னைக்கு என்னை மாமா வீட்டுல ஏம்மா விட்டுட்டு வரல? நான் பயந்ததப் பாத்தா?"

"நீ எங்க பயந்த? கல்லு மாதிரில்லா நின்ன."

"பின்ன?"

அம்மா அடுத்த பூண்டை எடுத்தாள். "உன்ன விட்டுட்டு வந்தா இங்கன நான் யார்கூடட்டி பேசுவேன்? உங்கப்பா கடைய அடைச்சிட்டு வந்தா சோத்தத் தின்னுட்டு ஒறங்குத ஆளு. படிப்பு போயிரும்னு தெரியும். தெரிஞ்சிதான் கூட்டியாந்தேன்."

இத்தனை வருஷமும் அவள் என்னைக் காப்பாற்றிக் கொண்டுவந்ததாகவே நினைத்திருந்தேன். கோபப்படலாம் என்று பார்த்தால் அது வரவில்லை. நானும் ஒரு பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன். பேசுவதற்காகத்தானே கூட்டி வந்திருக்கிறாள் என்று தோன்றியது.

"நாளைக்கி என்னம்மா குழம்பு வைக்கட்டும்?" என்று கேட்டேன்.