மதியக் கொடைக்கு வந்த கேசட்

அந்த மதியக் கொடையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொடை என்பது எங்கள் ஊர்க் கோயில் திருவிழா, அதற்கு வரி கொடுத்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். வரி பிரித்துக் கொடை நடத்துகிற நிர்வாகி புதுத் துண்டு போட்டுக்கொண்டு பந்தல் காலைப் பிடித்தபடி நின்றார். பூசாரி இருந்தார். மைக் செட்டுக்காரன் வேப்பமரத்தடியில் மிஷினோடு உட்கார்ந்திருந்தான். சாமியாடுகிறவர் என் மாமா, அம்மாவின் தம்பி. அவர் ஆற்றில் குளித்து ஈர வேட்டியோடு சந்நிதிக்கு எதிரே இருந்தார். அம்மா பொங்கல் பானைக்குப் பக்கத்தில். நான் பாளையங்கோட்டைக் கல்லூரியில் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டுச் சீவலப்பேரி டவுன் பஸ்ஸைப் பிடித்து நேரே அங்கே வந்திருந்தேன்.

இல்லாதவர்கள் மூன்று பேர். வில்லடித்து வில்லுப்பாட்டுப் பாடுகிற என் அப்பா, குடம் அடிக்கிறவர், உடுக்கைக்காரர். முந்தின நாள் வள்ளியூர்ப் பக்கம் ஒரு கோயிலில் பாடிவிட்டுக் காலையில் புறப்பட்டவர்களின் பஸ் நாங்குனேரிக்கு இந்தப் பக்கம் நின்றுபோனது எங்களுக்கு அப்போது தெரியாது.

வில்லு இல்லாவிட்டால் கொடை நகராது. சாமி மனுஷனாகப் பிறந்ததிலிருந்து கதையைப் பாடிக்கொண்டே வந்து, அவர் வெட்டுப்பட்டு விழுகிற இடத்தில் குடமும் உடுக்கையும் வேகம் கூடும். அந்த இடத்தில்தான் மாமாவுக்கு உடம்பு நடுங்கும். சாமி வந்து குறி சொன்ன பிறகுதான் படைப்பு, அதற்குப் பிறகுதான் சோறு. இதில் எதையும் முன்பின்னாக மாற்ற முடியாது. எங்கள் வீட்டுச் சோறும் இதில்தான் இருந்தது. பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் அப்பா பாடுகிற கொடைகளில் வருஷம் ஓடும். அந்த வருஷம் அந்தப் பணத்தில்தான் என்னை பி.எட்.டில் சேர்ப்பதாகப் பேச்சு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அடுத்தபடி வாத்தியாராகவும் உள்ளே போகவேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை.

கேசட்டின் கதை அதற்கும் ஒரு வருஷம் முன்னால் ஆரம்பித்தது. எங்கள் ஆங்கிலப் பேராசிரியர், மிஷன் காலத்திலிருந்தே படித்த குடும்பம், என்னை ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டார். அவருடைய மைத்துனர் அமெரிக்காவிலிருந்து சில கேசட்டுகள் அனுப்பியிருந்தார். அந்த நாட்டு மலை ஜனங்கள் ரொம்பக் காலத்துக்கு முன் இசைத்தட்டில் பாடியது, இப்போது கேசட்டாக மறுபடி வந்திருக்கிறது. வில்லுக்காரர் மகன் என்பதால் எனக்குப் பிடிக்கும் என்று நினைத்தாராம். ஒன்றைப் போட்டார். பழைய தட்டின் இரைச்சல், எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி, அதற்குள்ளிருந்து ஒருவன் மூக்கால் பாடினான். வயலினை மோவாயில் வைக்காமல் நெஞ்சில் சாய்த்து இழுப்பார்களாம். இன்னொன்று, சட்டிக்குத் தோல் போர்த்தித் தந்தி கட்டின மாதிரி ஒரு வாத்தியம், ஓயாமல் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது. எனக்கு வார்த்தை பாதி புரியவில்லை. ஆனால் மூச்சு விடாமல் கதையை இழுத்துக்கொண்டு போகிற அவசரம் புரிந்தது. அது எங்கள் வீட்டு அவசரம்.

கேசட்டோடு ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. அதில் படங்கள். படத்துக்குக் கீழே இடமிருந்து வலமாக இன்னார் இன்னார் என்று பேர். ஒருவர் பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர், ஒருவர் சுரங்கத்தில். அன்றைக்கு வேலைக்குப் போய்விட்டதால் படத்தில் இல்லாத தம்பியின் பேரைக்கூடப் போட்டிருந்தார்கள். நான் இதை எழுதும்போது வந்தவர் வராதவர் என்று ஆரம்பித்தது அந்தப் பழக்கத்தில்தான்.

அப்பாவிடம் வந்து சொன்னேன். அப்பா கவனமாகக் கேட்டுக்கொண்டார். "கூலிக்காரன் பேரையுமா அங்கன போடுதான்?" என்றார். ஆமாம் என்றேன்.

அப்பா வாலிபத்தில் மெட்ராஸுக்குப் போய் இசைத்தட்டுக்குப் பாடிக் கொடுத்தவர். சாமி கதையைச் சுருக்கி நாலு தட்டு. அவை தகரப் பெட்டியில் பழைய வேட்டி சுற்றிக் கிடந்தன. எங்கள் வீட்டில் அதைப் போட்டுக் கேட்க மிஷின் கிடையாது. தன் தட்டை அவரே கேட்டது இரண்டோ மூன்றோ முறை, அதுவும் ஏதோ கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில். தட்டின் நடுவில் கம்பெனிப் பேரும் சாமி பேரும் மட்டும் இருந்தன.

திருநெல்வேலி ஜங்ஷன் கேசட் கடைக்காரர் ஒருவர் பழைய பக்திப் பாட்டுத் தட்டுகளைத் தேடி ஊர் ஊராக வந்துகொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். ஒரு தொகை சொன்னார். அப்பா அதை வாங்க மாட்டேன் என்றார். அட்டையில் தன் படமும் பேரும் வரவேண்டும், குடமும் உடுக்கையும் அடித்தவர்கள் பேரும் வரவேண்டும், தனக்கு ஐம்பது கேசட் வேண்டும், அவ்வளவுதான். கடைக்காரர் இப்படி ஒரு பேரத்தை எதிர்பார்க்கவில்லை. அப்பாவின் காலைத் தொடாத குறையாகத் தட்டுகளை வாங்கிக்கொண்டு போனார்.

பேர் சரியாகத்தான் வந்தது. படமும் வந்தது, பாளையங்கோட்டை ஸ்டூடியோவில் நான் கூட்டிக்கொண்டு போய் எடுத்தது, தலைப்பாகை வைத்து. பாட்டில் இருப்பது இருபது வயதுக் குரல். அட்டையில் இருப்பவருக்கு முன்பல் இரண்டு இல்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொடைக்கு வில்லு பேசுவது என்றால், கோயில்காரர்கள்தான் வெற்றிலை பாக்கு, அச்சாரத்தோடு வில்லுக்காரர் வீடு தேடி வரவேண்டும். அது அவருக்கு மரியாதை. அந்தப் பங்குனியில் அப்பா அதைத் தலைகீழாகச் செய்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன்மேல் ஒரு கேசட்டை வைத்து, தான் பாடுகிற ஒவ்வொரு கோயிலுக்கும் தானே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். பாபநாசம் வரைக்கும் போனார். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பொண்ணக் கட்டிக் குடுக்கப்போறவரு மாதிரில்லா தட்டத் தூக்கிட்டுப் போறாவ" என்றாள். அப்பா சிரித்தார். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

இனி அந்த மதியத்துக்கு வருகிறேன்.

வெயில் உச்சிக்கு ஏறியும் வில்லு வரவில்லை. பொங்கல் இறங்கிவிட்டது. பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்தன. நிர்வாகி பஸ் வருகிற பக்கம் பார்த்து வாய்க்குள் ஏதோ சொன்னார். மைக் செட்டுக்காரன்தான், சும்மா இருக்கிற குழாய்க்கு ஏதாவது போடுவோம் என்று கேட்டான். நிர்வாகி மடியிலிருந்து அப்பா கொடுத்த கேசட்டை எடுத்துக் கொடுத்தார். வில்லு வருகிற வரைக்கும் ஓடட்டும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

முதல் பக்கம் ஓடியது. பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். கடுகு வெடிக்கிற சத்தத்துக்குள்ளிருந்து அப்பாவின் குரல், நான் ஒருநாளும் கேட்டிராத உயரத்தில் போய் நின்றது. அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். கேசட்டைத் திருப்பிப் போட்டார்கள். சாமி வெட்டுப்படுகிற இடம். குடம் வேகம் கூடியது. மாமா ஒரு ஏப்பம் விட்டார். அவருடைய வலது தோள் துள்ளியது. பிறகு கூச்சல் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

பூசாரிக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆனால் வந்த சாமியைக் காக்க வைக்க முடியுமா? தீபம் காட்டினார்கள். மாமா எல்லாருக்கும் திருநீறு கொடுத்தார், குறி சொன்னார், படைப்பு முடிந்தது, பந்தி உட்கார்ந்தது.

அப்பா வந்து இறங்கும்போது கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. வில்லைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றார். விஷயத்தை நிர்வாகிதான் சொன்னார், குறையாகச் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னார். அப்பா கைகால் கழுவி, குடத்தை வில்லில் கட்டி, உட்கார்ந்து கதையை முதலிலிருந்து தொடங்கினார். சாப்பிட்டவர்கள் வேப்பமர நிழலில் படுத்துக் கேட்டார்கள். வெட்டுப்படுகிற இடம் வந்தது. அப்பா கழுத்து நரம்பு புடைக்கப் பாடினார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. மாமா பந்தல் ஓரத்தில் கலர் சோடா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாமி வரவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் அப்பா மாமாவிடம் கேட்டார்.

"நெசமாவே வந்துதா மாப்ளே?"

"வராம ஆடுவனா அத்தான்? உம்ம கொரலுதான. வேற எவன் கொரலுக்கும் வரலியே."

"அப்பம் நான் பாடும்போ?"

"வந்துட்டுப் போன சாமி, அன்னைக்கே மறுபடி எப்படி வரும்?" என்றார் மாமா. கொஞ்சதூரம் போய், "நீரும் இப்பம் மூச்சுப் பிடிக்க முடியாம கஷ்டப்படுதீருல்லா" என்றார்.

செய்தி அப்பாவை விட வேகமாகப் போனது. எந்தக் கோயிலுக்கெல்லாம் அப்பா தட்டில் வைத்துக் கொடுத்தாரோ, அந்தக் கோயில்களுக்கெல்லாம் போனது. பேசிவைத்திருந்த கொடைகளில் வில்லு வேண்டாம், கேசட்டே போதும் என்றார்கள். சிலர் அச்சாரத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, அது அவர்கள் பெருந்தன்மை. ஊர் வாரியாக வந்து சொன்ன காரணம் ஒன்றேதான். சாமியே ஏற்றுக்கொண்ட பிறகு நாம் என்ன சொல்ல? சாமி தப்பு செய்துவிட்டது என்று வில்லுக்காரர் எங்கே போய்ச் சொல்ல முடியும்? வேறு வில்லுக்காரனிடம் தோற்றிருந்தால் அவன் தொண்டையைப் பற்றியாவது நாலு வார்த்தை சொல்லியிருப்பார்.

அந்த வருஷம் நான் பி.எட். சேரவில்லை. அரிசி மில்லில் கணக்கு எழுதப் போனேன். பேராசிரியர் வழியில் பார்த்து, அப்பாவின் கேசட் தனக்கு ஒன்று வேண்டும், அமெரிக்காவுக்கு அனுப்பவேண்டும் என்றார். தீர்ந்துவிட்டது சார் என்றேன். அது உண்மைதான்.

அடுத்த வருஷக் கொடைக்குப் பந்தல்கால் நாட்டிய மறுநாள் நிர்வாகி வீட்டுக்கு வந்தார். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்து, வெற்றிலை கொண்டு வந்திருக்கிறாரா என்று கையைத்தான் முதலில் பார்த்தாள். மேல்துண்டுக்குள்ளிருந்து அவர் எடுத்தது கேசட். நாடா மிஷினில் சிக்கி, நூல் நூலாக வெளியே தொங்கியது.

"இது சிக்கிக்கிடுச்சு அண்ணாச்சி. ஒங்ககிட்ட ஒண்ணு இருக்குமா?"

அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பா அந்த நாடாவைக் கையில் வாங்கி, விரலில் சுற்றிப் பார்த்தார்.

"நான் வந்து பாடுதேன். சம்பளம் வேண்டாம்."

நிர்வாகி தலையைச் சொறிந்தார். "அதுக்கில்ல அண்ணாச்சி. நீங்க பாடி, போன வருசம் மாதிரி சாமி வராமப் போச்சுன்னா ஊருக்கு ஆவாதுன்னு பயப்படுதாவ. கோவிச்சுக்கிடக் கூடாது."

அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருக்கலாம். கொடை பாட்டு இல்லாமல் நின்றுவிடக் கூடாது என்ற பயம் அவருக்கும் இருந்தது. அந்தச் சாமியை நாற்பது வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் அவர்தானே. என்னைப் பார்த்து, "ஏலே, ஜங்ஷனுக்குப் போயி ஒண்ணு வாங்கிட்டு வந்து அவருகிட்டக் குடு" என்றார். நிர்வாகி காசு எடுக்கப் போனபோது வேண்டாம் என்று கை காட்டினார்.

கடையில் முதலாளி இல்லை. புதிதாகச் சேர்ந்த ஆள் ஒருவன் அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தான். இப்போது அட்டையில் சாமி படம் பெரிதாக வந்து, அப்பாவின் தலைப்பாகை மூலைக்குப் போயிருந்தது. குடம், உடுக்கைக்காரர்களின் பேர்களைக் காணோம். இது நல்லா ஓடுது, கொடை சீசன்ல நிக்காது என்று சொன்னான். பாடினவர் யார் என்று நானும் சொல்லவில்லை. பில் போட்டுக் கொடுத்தான்.

இருபத்தெட்டு ரூபாய்.