செட்டாப் பாக்ஸ் மேல் மிளகாய் விதை

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதி வேறு. இந்த வாரம் எழுத உட்கார்ந்ததே அந்த மறதியைப் பற்றித்தான்.

போன செவ்வாய்க்கிழமை போன் அடித்தது. செல்லம் அக்கா. இந்த மலையில், நாயுடுபுரத்தில் எங்களுக்குப் பக்கத்து வீடு. முழங்கால் ஆபரேஷனுக்காகத் திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போய் அஞ்சு மாதம் ஆகிறது.

"தங்கச்சி, மாசக் கடைசியில வந்துருவேன். என் கொச்சி எப்பிடி இருக்கு?"

அக்கா குடும்பம் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது. அவர்களுக்கு மிளகாய் என்றால் கொச்சிக்காய். அக்கா கேட்டது, பெயிண்ட் வாளியில் வளர்த்த குட்டை மிளகாய்ச் செடியை. பகலில் வாசலில் வெயிலுக்கு வைப்பார். சாயங்காலம் உள்ளே தூக்கிவிடுவார். இப்படியே ஏழு வருஷம். ஊருக்குப் போகும்போது வாளியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

"இருக்குக்கா," என்றேன்.

இல்லை.

தை மாதம் ஒருநாள் வாளியை உள்ளே எடுக்க மறந்துவிட்டேன். வெள்ளனே எழுந்து பார்த்தால் உறைபனி விழுந்து புல்லெல்லாம் வெள்ளை. செடியின் இலைகள் வேகவைத்த கீரை மாதிரித் தொங்கின. தூக்கி வைக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு நிமிஷம்...

மிச்சம் இருந்தது, முன்பே பறித்த ஒரே ஒரு பழம். இந்த மலைக்குளிரில் வெயிலை நம்பி எதைக் காயவைப்பது? அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கவிட்டிருந்தேன். அதை உடைத்து விதையை ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, டிபன் பாக்ஸில் போட்டேன். மிளகாய் விதை முளைக்கச் சூடு வேண்டும். எங்கள் வீட்டில் எந்நேரமும் சூடாக இருக்கிற இடம் ஒன்றுதான் — டிவிக்குக் கீழே செட்டாப் பாக்ஸ். டிபன் பாக்ஸ் அதன் மேல் ஏறியது.

"சுவிட்சை அணைச்சிராதீங்க," என்றேன் வீட்டுக்காரரிடம்.

"ஏன், மெளகா சீரியல் பாக்குதாக்கும்?"

"பாத்துட்டுப் போகுது. உங்க சோலியப் பாருங்க."

தினமும் துணியைப் பிரிப்பேன், மூடுவேன். ஒரு வாரம். ரெண்டு வாரம். மூன்றாவது வாரம் பூசணம் வந்தது, முளை வரவில்லை.

பஜாரில் விதைக்கடை பாயிடம் போய், அக்கா செடி கருகியதிலிருந்து எல்லாம் சொல்லிக் கேட்டேன்.

"பழத்த எங்கம்மா காயப்போட்டீங்க?"

"அடுப்புக்கு மேலதான் பாய்."

"அப்ப விதை வெந்துருக்கும். நெழல்லதான காயணும்?" என்றவர் ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினார். "இதப் போடுங்க, வெரசா மொளைக்கும். செடியா நின்னா யாரு கண்டுபிடிக்கப் போறா?"

அதே செட்டாப் பாக்ஸ் மேல் வைத்தேன். பத்தாம் நாள் வெள்ளை வெள்ளையாக முளை. தயிர் டப்பாவில் இப்போது நாலு நாற்று நிற்கிறது.

அக்கா போனை வைத்ததும், அதில் ஒன்றைப் பிடுங்கி அவர் வாளியில் நட்டுவிட்டேன். பனியில் கருகி மறுபடி துளிர்த்தது என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு காயைக் கடித்தால் அக்காவுக்குத் தெரிந்துவிடும். ஆனால் காய்க்க மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆபரேஷன் காலை இழுத்துக்கொண்டு, தினமும் சாயங்காலம் அந்த வாளியை உள்ளே தூக்கி வைப்பார் — யாருடையதோ ஒரு செடியை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அதற்கு எனக்குத் தெம்பில்லை. மறைப்பதும் ஒரு வேலைதானே? சமையல், துணி, வெந்நீர்... இந்த வயதில் இன்னும் எத்தனை வேலை பார்ப்பது?

நாற்றைத் தயிர் டப்பாவுக்கே மாற்றிவிட்டேன். வாளி காலியாகக் கெடக்கு.

போனில் சொல்ல வாய் வரவில்லை. வாரா வாரம் இந்தப் பக்கத்தைத் திருப்பூரில் அவர் மகள் வாசிக்க, அக்கா கேட்பார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு உதவி. பனி விழுந்தது தையிலா, மார்கழிக் கடைசியிலா என்று இப்போது எனக்கே சந்தேகம். அடுப்பின் மேல் காய்ந்த விதை முளைக்கவே முளைக்காதா என்பதும் நிச்சயமாகத் தெரியாது. விவரம் தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள்.

வாளியை வெளியே விட்டது நான்தான். அதை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம்.