காளான் அறை ஆசாரம்

தொண்ணூறுகளின் நடுவில் அப்பா ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, எங்கள் வண்ணார்பேட்டை வீட்டின் பின்னறையில் காளான் வளர்க்க ஆரம்பித்தார். வைக்கோலை வேகவைத்து, காளான் விதையோடு பாலித்தீன் பைகளில் அடைத்துத் தொங்கவிட்டார். கிருமி புகுந்தால் எல்லாம் பாழாகிவிடுமாம். அதனால் குளித்துக் கால் கழுவாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. கோயிலுக்குக் கூப்பிட்டால் குளிக்கச் சோம்பல்படும் மனிதர் போட்ட சட்டம் இது. பல் துலக்காமல் எட்டிப் பார்த்ததற்கு நான் வாங்கிய வசவு தெருமுனை வரை கேட்டது.

"சாமிக்குக்கூட இம்புட்டு ஆசாரம் கிடையாது" என்று அம்மா பொருமினாள். நாங்கள் சைவம். காளான் கறி மாதிரி ருசிக்கும் என்று யாரோ சொல்லிவிட்டதால், அடுக்களைக்குள் அது வரக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

அப்பா ஈர வேட்டியோடு மூன்று வேளையும் தண்ணீர் தெளிக்கப் போவதைப் பார்த்துவந்த எதிர்வீட்டு அக்கா, ஒரு வெள்ளிக்கிழமை வந்து அந்த அறை வாசலில் சூடம் ஏற்றினாள். மகனுக்கு வேலை கிடைக்க வேண்டுதலாம். அப்பா அன்று பறித்த காளானை அவள் கையில் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் தபாலில் மகனுக்கு வேலை உத்தரவு வந்துவிட்டது. அக்கா ஒரு கிண்ணம் காளான் குழம்போடு ஓடிவந்து, "பிரசாதம்" என்று நீட்டினாள்.

அம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு வாய் சாப்பிட்டாள். பிறகு சோற்றைப் போட்டுப் பிசைந்தாள்.

அப்பா ஆசையாகத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"அங்கனயே நில்லுங்க" என்றாள் அம்மா. "குளிச்சு, காலைக் கழுவிட்டு வாங்க."