ஆனி மாதத்து ஐயப்பன்

கூட்டம் என்றால் எங்கள் குடும்பத்துக்கு இரண்டு வகைதான் தெரியும். கோயில் கூட்டம், கல்யாணக் கூட்டம். வேறொரு கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மலேசியாவில், கிள்ளானில் என் தங்கை வீட்டு ஹாலுக்குள் டிவி வழியாக நுழைந்தபோது, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் நான்தான் முதலில் உளறினேன்.

தங்கை மகள் ஹாங்காங்கில் வேலையாக இருந்தாள். யாரையாவது அங்கே பிடித்தால் எல்லை தாண்டிச் சீனாவுக்கு அனுப்பி விசாரிக்க வழி செய்யும் சட்டம் ஒன்று வருகிறதென்று, அந்த ஊரே தெருவில் இறங்கியிருந்த சமயம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தே தாரிக் குடிக்கிற இடத்தில்கூட அதே பேச்சுதான். தங்கைக்கு மட்டும் அந்தச் சட்டம் வந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். அவள் கவலை பூச்சோங்கில் இருந்தது.

பூச்சோங்கிலிருந்து நல்ல இடம் வந்திருந்தது. பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. பையனின் அம்மா நேரில் வந்து, பெண்ணோடு வீடியோவில் நாலு வார்த்தை பேசிவிட்டுப் பரிசத்துக்கு நாள் குறிப்பதாக ஏற்பாடு. இதற்கு முன்னால் வந்த ஓர் இடம், “பொண்ணு ரொம்பப் பேசுது” என்று நழுவிப்போனது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். என் தங்கை சூடு கண்ட பூனைதான், ஆனால் பூச்சோங் அடுப்பை விடவும் மனமில்லை. அதனால் மகளுக்குப் போனில் கட்டளை போட்டிருந்தாள்.

“அந்த ஊர்வலம் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்காத. நல்ல சுடிதாரா போட்டுக்கிட்டு, தலைய வாரிக்கிட்டு, ரூம்லயே உக்காந்து பேசு. மங்கலமா இருக்கணும், சொல்லிட்டேன்.”

தாய்மாமன் இல்லாமல் பேச்சு நடக்காதே! மல்லிகைச் சரத்தோடும் லட்டோடும் நானும் போய்ச் சேர்ந்தேன். பையனின் அம்மா பூச்சோங்கில் தையல் கடை வைத்திருப்பவர்; சிரித்தால் கூரைத் தகரம் அதிரும். பெண் முகம் பெரிதாகத் தெரியட்டும் என்று தங்கையே போனை டிவியோடு இணைத்து வைத்தாள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பது அதுதான்.

அழைப்பு வந்தது. முதலில் ஒரு மூக்கு. பிறகு தங்கை மகளின் முகம், வேர்த்து விறுவிறுத்து. யாரோ இடித்திருக்க வேண்டும், போன் சாய்ந்தது. ஹால் முழுக்க மனிதத் தலைகள்! கண்ணுக்கெட்டிய வரை ஜனம். எல்லோருக்கும் கருப்புச் சட்டை. இவளுக்கும் கருப்பு.

“அடேயப்பா, என்னம்மா திருவிழா அங்க?” என்றார் பையனின் அம்மா.

தங்கை என் தொடையில் கிள்ளினாள். “அண்ணே, சொல்லுங்கண்ணே.”

கருப்பு, கூட்டம், ஊர்வலம். என் வாய்க்கு எட்டியது ஒரே சாமிதான். “ஐயப்ப பூசைங்க. அங்க ரொம்ப விசேஷம்.”

“ஆனி மாசத்துலயா?”

“குளிர் நாடு பாருங்க. மாசம் கொஞ்சம் முன்னப் பின்ன வரும்.”

திரையில் தங்கை மகளின் நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகியது. பின்னால் சீன எழுத்தில் ஒரு பதாகை ஆடிக்கொண்டே போனது.

“சாமி பேரையும் சீனத்துலதான் எழுதுவாங்களோ?” என்றார் அந்த அம்மா, லட்டைக் கடித்தபடி.

அப்போது ஆம்புலன்ஸ் சத்தம். அத்தனை ஜனமும், வகிடெடுத்த தலை மாதிரி, இரண்டாகப் பிரிந்தது. வண்டி போனது. வகிடு மறுபடி மூடிக்கொண்டது.

“காவடிக்குக்கூட நம்மாளுங்க இப்படி வழி விட மாட்டாங்க லா,” என்றார் பையனின் அம்மா மெதுவாக.

“ஆன்டி, மாமா பொய் சொல்றாரு,” என்றாள் தங்கை மகள். “இது அந்தச் சட்டத்துக்கு எதிரா ஊர்வலம். என்கூட வேலை செய்ற பொண்ணு தனியா போறேன்னுச்சு. மனசு கேக்கல, வந்துட்டேன்.”

“முடிஞ்சிச்சு,” என்று தங்கை கண்ணை மூடிக்கொண்டாள்.

பையனின் அம்மா நாற்காலியை டிவி பக்கம் இழுத்துப் போட்டார். “உப்பு வெச்சிருக்கியா?”

“என்ன ஆன்டி?”

“உப்பு லா, உப்பு! நானும் தேர்தல் சுத்தமா நடக்கணும்னு கேஎல்ல மஞ்ச சட்டை போட்டு ஊர்வலம் நடந்தவதான். மஸ்ஜித் இந்தியா பக்கம் போலீஸ் விட்ட கண்ணீர்ப் புகை வந்துச்சு பாரு, கண்ணு ரெண்டும் மொளகாத் தூளு. யாரோ ஒரு மலாய்க்கார மக்சிக், நம்ம அத்தை மாதிரி, வாயில உப்பப் போட்டு மூஞ்சில தண்ணிய ஊத்துனாங்க. பேருகூடத் தெரியாது. உப்பிட்டவரை உள்ளளவும்னு சும்மாவா சொன்னாங்க?”

தங்கை கண்ணைத் திறந்தாள். “பையனுக்கு இது தெரியுமா?”

“தெரியாம? தண்ணி போத்தல் தூக்கினவனே அவன்தான்.”

“இன்னிக்குப் புகையெல்லாம் இல்ல ஆன்டி. பாடிக்கிட்டேதான் போறோம்.”

“இருந்தாலும் பையில வெச்சுக்க. அப்புறம் என்ன ஆன்டி, ஆன்டி? அத்தைன்னு கூப்பிடு.”

கூப்பிட்டாள். பக்கத்தில் இருந்த சீனப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, அவளும் திரைக்குள் தலையை நீட்டி “அத்தே!” என்றாள். தகரம் அதிர்ந்தது. நான் சிரித்த சிரிப்பில் லட்டு புரையேறியது. தங்கை அழுகையும் சிரிப்புமாக என் தலையில் தட்டிக்கொண்டே டிவியைப் பார்த்துக் கத்தினாள்: “பரிசத்துக்கு மட்டும் கருப்பு உடுத்திக்கிட்டு வந்தே, கால ஒடிச்சிடுவேன்!”

“ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் அண்ணே,” என்றார் சம்பந்தி அம்மா என்னிடம். “ஆனா மாசம் பாத்துச் சொல்லணும்.”

பரிசத்துக்குப் பூச்சோங்கிலிருந்து தட்டுகள் வந்தன. உப்பு, மஞ்சள் எல்லோரும் வைப்பதுதான். இவர்கள் ஒரு தட்டு முழுக்க உப்பை மலையாகக் குவித்திருந்தார்கள். “பிடிங்க சாமி, மாசம் சரிதானே?” என்று சம்பந்தி அதை என் கையில் கொடுக்க, நான் குலுங்கிச் சிரித்ததில் ஓரத்தில் கொஞ்சம் சரிந்தது. மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து தங்கை பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

“சிந்தாதீங்கண்ணே! அதுல ஒரு பொட்டலம் கட்டணும். புள்ள நாளைக்கு ஹாங்காங் பிளைட் ஏறுது.”