சத்தம் போடாத கிற்றார்

எங்கள் வாப்பாவிடம் ரகசியம் சொல்ல முடியாது. அவர் அதை வெளியே சொல்லிவிடுவார் என்பதல்ல, சொல்கிறவர் கத்த வேண்டும் என்பதுதான் காரணம். கல்முனையில் அவருக்கு நெல் குத்தும் மில் இருந்தது. இருபது வருடத்துக்கு மேலாக அந்த இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்று, இறக்காமத்திலிருந்து வரும் மூட்டைகளை அரிசியாக்கி அனுப்பியதில் காது முக்கால்வாசி போய்விட்டிருந்தது. அதை ஒப்புக்கொள்ளவும் மாட்டார். “எனக்கு நல்லாத்தான் கேக்குது, நீங்க எல்லாரும்தான் வாய்க்குள்ளயே கதைக்கிறீங்க” என்பார். உம்மா அவரோடு கோபித்துக்கொண்டால் காரணம் தெருமுனைக் கடை வரைக்கும் தெரியும். சமாதானமானதும் தெரியும்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் என் ராத்தா கிற்றார் வாசித்தாள். அக்காவை நாங்கள் ராத்தா என்போம். அவளுக்கு அப்போது பதினாறு வயது, எனக்கு எட்டு. அவளோடு படித்த மெதடிஸ்ட் கிறிஸ்தவத் தோழி ஒருத்தி, தன் வீட்டில் சும்மா கிடந்த பொக்ஸ் கிற்றாரை இரவல் கொடுத்திருந்தாள். வயிறு குடைந்த சாதாரண மரக் கிற்றார்தான். யாரும் ராத்தாவுக்குப் பழக்கவில்லை. போனில் பார்த்தாள், விரல் வைத்தாள், வந்துவிட்டது. ஒரு தடவை காதில் விழுந்த எதுவும் மறுநாள் அவள் விரலால் வெளியே வரும்.

வினையும் அதனால்தான் வந்தது. ஒரு பின்னேரம், பேக்கரியிலிருந்து பாண் ஏற்றி, எங்கள் தெருவுக்கு மெட்டுப் போட்டுக்கொண்டு விற்க வரும் ஓட்டோவின் அந்த மெட்டை அவள் அப்படியே வாசித்தாள். பக்கத்து வீட்டு மாமி ஒரு கையில் தட்டும் மறு கையில் காசுமாக ஓடி வந்து வெறுந்தெருவில் நின்றார். எதிர்வீட்டுப் பிள்ளைகளும் ஓடி வந்தார்கள். ஓட்டோவைக் காணோம். மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்னகா, பாண்காரன ஊட்டுக்குள்ள கட்டிப் போட்டிரிக்கீங்களா?” என்று கேட்டார்.

உம்மா சிரித்தார். ஆனால் சிரிப்பு அந்தக் கிழமையைத் தாண்டவில்லை. குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டில் என்ன ஆட்டபாட்டம் என்று ஒருவர் கேட்டார். தொழுகை நேரத்திலும் வாசிக்கிறாளாம் என்று இன்னொருவர் சொன்னார். அது பொய். பாங்கு சொல்வதற்கு முன்பே அவள் கிற்றாரைச் சுவரில் சாய்த்துவிடுவாள். ஆனாலும் கதை ஓடிவிட்டது. சனிக்கிழமை உம்மாவே கிற்றாரைத் துணியில் சுற்றித் தோழி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். அதற்கு முதல்நாள் மாமியும் வந்து முறைப்பாடு சொன்னபோதுதான், “அவள் அப்பிடி என்னத்த வாசிக்கிற?” என்று வாப்பா கேட்டார். தெருவெல்லாம் கேட்டதை அவர் மட்டும் கேட்டிருக்கவில்லை.

ராத்தா அழவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை. சாப்பாட்டு மேசையின் விளிம்பில் இடது கை விரல்களை வைத்து அழுத்தி, வலது கையால் காற்றைத் தட்டிக்கொண்டிருந்தாள். சோறு ஆறும். விரல்கள் நிற்காது. இரண்டு மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்த வாப்பா, “இவள் என்ன செய்யிறாள்?” என்று கேட்டார்.

“வாசிக்கிறாள்!” என்று உம்மா கத்தினார்.

“எனக்கு ஒண்டும் கேக்கல்லையே.”

“எங்களுக்கும் கேக்கல்ல!”

அப்போதுதான் ராத்தா வாயைத் திறந்தாள். “வாப்பா, கரண்ட் கிற்றார் எண்டு ஒண்டு இரிக்கி. அது சத்தம் போடாது!”

“பொக்ஸ் கிற்றாருக்கே தெரு கூடிச்சி. கரண்டும் குடுத்தா ஊரே வந்து நிக்கும்” என்றார் உம்மா.

ராத்தா விளக்கினாள். கத்துவது கிற்றாரின் குடைந்த வயிறுதான். கரண்ட் கிற்றாருக்கு வயிறே இல்லை, அது வெறும் பலகை. ஸ்பீக்கரில் மாட்டினால்தான் ஊர் கேட்கும். ஹெட்போன் மாட்டினால் வாசிக்கிறவளுக்கு மட்டும் கேட்கும். இதை அவள் மூன்று தடவை தொண்டை கிழியச் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே, யாருக்கும் கேட்காத கிற்றார் ஒன்றை நாங்கள் வாங்கப் போகிறோம் என்ற செய்தி அன்று மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

வாப்பா யோசித்துவிட்டு, “சத்தம் வெளிய போகாட்டி வாங்கலாம். போனா இல்ல. அதோட இந்தக் கதை முடிஞ்சி” என்றார். உம்மாவும் அதற்குச் சம்மதித்தார்.

மில் மூடியிருந்த ஒரு நாளில் வாப்பாவும் ராத்தாவும் நானும் மட்டக்களப்புக்கு பஸ் ஏறினோம். கலியாண வீடுகளுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை வாப்பா போட்டிருந்தார். கடை ஒரு மாடியில் இருந்தது. கடைக்காரர் போர்த்துக்கீசர் வழிவந்த, வயதான பறங்கியர். எங்களைவிட நன்றாக மட்டக்களப்புத் தமிழ் கதைத்தார். சுவரில் கிற்றார்கள் தொங்கின. நெல் வாங்கும்போது வாப்பா ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்ப்பார். இங்கே கடிக்க ஒன்றுமில்லாததால் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

ராத்தாவின் கை நேரே ஒரு சிவப்புக் கிற்றாருக்குப் போனது. அது கரண்ட் கிற்றார்தான், ஆனால் அதற்குள்ளும் கொஞ்சம் குடைந்திருந்தது. முகத்தில் வளைந்த இரண்டு துளைகள் இருந்தன. கடைக்காரர் ஸ்பீக்கரில் மாட்டிக் கொடுத்தார். அவள் வாசிக்கத் தொடங்கியதும், எதையோ பழுது பார்க்க உட்கார்ந்தவர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார்.

“இந்தப் புள்ளைக்கு ஆர் பழக்கின?”

“என்னவாம்?” என்று வாப்பா என்னைப் பார்த்தார். நான் கத்திச் சொன்னேன்.

“ஒருத்தரும் இல்ல. அவளுக்குக் காது அப்பிடி” என்றார் வாப்பா, பெருமையோடு, கடை அதிர. பிறகு, “கரண்ட நிப்பாட்டுங்க” என்றார்.

கடைக்காரர் நிறுத்தினார். “முதலாளி, ஐம்பது வருசமாக் கிற்றார் விக்கிறன். கேக்காத கிற்றார் தேடி வந்த முதல் ஆள் நீங்கதான்.”

வாப்பா அதைக் கவனிக்கவில்லை. குனிந்து, ராத்தாவின் மடியிலிருந்த அந்தச் சிவப்பு மரத்தில் காதை ஒட்ட வைத்தார். “வாசிங்க மகள்” என்றார். அவள் வாசித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பாட்டு முடிந்தது. தலையை எடுக்கவில்லை. இன்னொன்றும் முடிந்தது. இவ்வளவு கவனமாகப் பரிசோதிக்கிறாரே என்று நான் நினைத்தேன். கடைசியில் நிமிர்ந்தபோது அவர் காது சிவந்திருந்தது.

“இது வேணாம். இது வெளிய போகும்.”

ராத்தாவின் முகம் விழுந்துபோனது. அடுத்து, துளை எதுவும் இல்லாத ஒரு கறுப்புக் கிற்றார். அதிலும் காதை வைத்தார். நெற்றியைச் சுருக்கினார். இன்னும் அழுத்தினார். மறு காதையும் வைத்துப் பார்த்தார்.

“இதுதான்” என்றார் எழும்பி.

வாப்பாவின் கெட்டித்தனத்தை எண்ணி நான் வியந்தேன். கேட்டதை வேண்டாம் என்றார், கேட்காததை எடுத்தார், கணக்குச் சரி. ராத்தா கறுப்புக் கிற்றாரைத் தோளில் மாட்டினாள். பாரமாகத்தான் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டு, மேலும் கீழுமாக நெடுநேரம் விரலை ஓட்டினாள். மெல்ல மெல்ல முகம் தெளிந்தது. “கழுத்து என்ட கைக்கு அளவா இரிக்கி வாப்பா” என்றாள். “நல்ல சாமான். சிவப்பு கொஞ்ச நாளைக்கு அழகு. இது அவளோட சேந்து வளரும்” என்றார் கடைக்காரர்.

கிற்றாரில் செருகிக்கொள்ள, தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டியும் அதில் மாட்ட ஒரு ஹெட்போனும் எடுத்து வைத்தார். வாப்பா அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதில எவ்வளவுக்குச் சத்தத்தக் கூட்டலாம்?”

“காது கிழியுற அளவுக்கு” என்று கடைக்காரர் சொன்னதை நான்தான் மீண்டும் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. சத்தம் வேண்டாம் என்று இவ்வளவு தூரம் வந்தவருக்கு இந்தக் கேள்வி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

“ரெண்டு ஹெட்போன் மாட்ட ஏலுமா?”

“அதுக்கு ரெண்டாப் பிரியிற வயர் ஒண்டு இரிக்கி. ஒரு புள்ளைக்கு ஏன் ரெண்டு?” என்று இப்போது கடைக்காரரே கத்தினார்.

“ஒண்டு பழுதாப் போனா?” என்றார் வாப்பா. அதையும் நான் கெட்டித்தனம் என்றே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட பிறகு பரீட்சை நடந்தது. என்னை மாமி வீட்டு வேலியோரம் நிற்கச் சொன்னார் வாப்பா. ஏதும் கேட்டால் சொல்ல வேண்டும், கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். பெரிய பொறுப்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமி வீட்டில் மீன் பொரிகிற சத்தம் கேட்டது, முருங்கையில் காகம் கரைந்தது, கிற்றார் இல்லை.

“ஒண்டும் கேக்கல்ல வாப்பா!”

கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கத்தினேன். மாமி வெளியே வந்து, “கிற்றார் கேக்கல்லகா, உன்ட சத்தம்தான் கேக்குது” என்றார்.

ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். கறுப்புக் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு ராத்தா கட்டிலில் இருந்தாள். அவள் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அருகில், தொழுகைத் தொப்பிக்கு மேலால் அந்த இரண்டாவது ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாப்பா இருந்தார். சின்னப் பெட்டி அவர் கைக்குள் இருந்தது. மறு கையின் விரல்கள், ராத்தா மேசையில் தட்டியதைப் போலவே, அவர் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தன. முகமெல்லாம் ஈரம். வியர்வையாக்கும், மின்விசிறியைப் போடாமல் இருக்கிறாரே என்று நினைத்தேன்.

என்னை வேலியில் நிறுத்தியதையே மறந்துவிட்டாரோ என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு, பாவம், வாப்பாவுக்குத்தான் காது கேட்காதே என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, என்னால் முடிந்த மட்டும் பலமாகக் கத்தினேன்:

“வாப்பா! ஒண்டுமே கேக்கல்ல!”