பூரண ஓய்வு

இருதய கிளினிக்கில் என் மார்பில் ஒயர்களை ஒட்டுவதற்கு முன்னால், தாதி ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தாள். அந்த வாசனை போதும் எனக்கு. உடனே மலாக்காவில் நான் இருந்த காஜா பெராங் நினைவுக்கு வந்துவிடும்.

நாட்டுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த புதிது. நான் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர், அதாவது காயத்துக்குக் கட்டுப் போடுகிற ஆள். வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டால் பாதி டாக்டர் என்று நினைப்பு. மீதிப் பாதியைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை.

காஜா பெராங்கில் ராமையா வீட்டில் வாடகைக்கு ஓர் அறையில் இருந்தேன். எஸ்டேட் லாரி ஓட்டி ஓய்ந்தவர் அவர். மனைவி தவறிவிட்டார், மகன் கோவிந்தனோடு இருந்தார். சற்றுத் தள்ளி பாக் கணபதியின் வீடு; பாக் என்றால் மலாயில் ஐயா மாதிரி. பல தலைமுறைக்கு முன்பே அங்கே வந்து குடியேறிய மலாக்கா செட்டி வம்சம், நெற்றியில் விபூதி, நாக்கில் மலாய். தமிழில் சாமி பெயர்களும் சில பலகாரப் பெயர்களும்தான் அவருக்கு வரும். காலையில் இருவரும் தெங்கேரா கடற்கரைக்கு மீன் வாங்க நடப்பார்கள். ராமையா தமிழில் ஏசுவார், பாக் மலாயில் ஏசுவார். போகும்போதும் சண்டை, வரும்போதும் சண்டை. இவர்கள் எதற்கு நண்பர்களாக இருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அந்த வயதில் வேறு பலதும் விளங்கவில்லை என்று வையுங்கள்.

ஒருநாள் திரும்பி வரும் வழியில் ராமையா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாக் ஒரு திரிஷாவை, அந்த ஊர் சைக்கிள் ரிக்‌ஷாவை, நிறுத்தி ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார். உயிர் தப்பியது. பூரண ஓய்வு வேண்டும், பேச்சு கூடாது, மனசை அலட்டிக்கொள்ளக்கூடாது என்று சொல்லி டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார்.

கோவிந்தன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வாசல் கதவு சாத்தியே கிடந்தது. பாக் தினமும் வருவார். அப்பா தூங்குகிறார் என்று கோவிந்தன் மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிடுவார்.

வலி போய்விட்டது. ஆனால் மனிதர் வற்றிக்கொண்டே போனார். கஞ்சியை வாயில் வைத்துவிட்டுத் தள்ளிவிடுவார். சுவரைப் பார்த்தபடியே படுத்திருப்பார். வேலைக்குப் போகுமுன் நான் நாடி பார்ப்பேன். விரலுக்கு எட்டாமல் எங்கோ ஓடும்.

"பாக் ஊர்ல இல்லையா தம்பி?" என்று ஒரு காலையில் கேட்டார். தினமும் வந்து போகிறார் என்றேன். கதவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாக்கை உள்ளே விடச் சொல்லிக் கோவிந்தனிடம் பேசிப் பார்த்தேன். அவர் கண் கலங்கிவிட்டது. "எங்கம்மா போனப்ப நான் பக்கத்துல இல்ல. இவரையாச்சும் காப்பாத்தணும்" என்றார்.

அடுத்த நாள் காலை நான் நாடியைப் பிடித்திருந்தபோது சன்னலுக்கு வெளியே பாக்கின் குரல் கேட்டது.

"ஓய் ராமா, கெம்போங் மஹால் ஹாரி இனி."

கெம்போங் மீன் இன்று விலை அதிகமாம். ராமையா தலையைத் தூக்கினார்.

"உன்ன நல்லா ஏமாத்திட்டான். செவுளத் தூக்கிப் பாத்தியா?"

என் விரலுக்கடியில் நாடி எகிறியது. நான் பயந்தே போனேன். கொஞ்ச நேரத்தில் அது அடங்கி, நிதானமாக, நன்றாகப் பிடிபடுகிற மாதிரி ஓட ஆரம்பித்தது.

கோவிந்தன் பதறிக்கொண்டு ஓடிவந்தார். ராமையா கோபப்படவில்லை.

"கதவத் தொறப்பா. நெஞ்சு வலிச்சாக்கூடத் தாங்கிக்குவேன். ஆளில்லாம கெடக்கறதுதான் தாங்க முடியல."

கோவிந்தன் போய்க் கதவைத் திறந்தார்.

அதன்பின் ராமையா சில வருஷங்கள் நன்றாகவே இருந்தார். பாக்தான் முந்திக்கொண்டார்; ஏதோ காய்ச்சல். ராமையா தனியாகத் தெங்கேராவுக்கு நடந்தார். சீக்கிரமே திரும்பிவிடுவார், பல நாள் மீன் இல்லாமலே. அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை. இருதயம் என்று டாக்டர் எழுதினார். இருதயம்தான், நான் மறுக்கவில்லை.

அந்த வீடு இப்போது இல்லை. தெங்கேராவில் கடலைத் தூர்த்துவிட்டார்கள். பழைய கரையில் நின்றால் அலை தெரியாது, கடை வரிசைதான் தெரியும். என் மனைவியும் போய்விட்டாள். பிள்ளைகள் வெளிநாட்டில். இப்போது நான் இருக்கும் புக்கிட் பாருவில் பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர். காரில் ஏறும்போது கையைத் தூக்குவார்; நானும் தூக்குவேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு எப்படிக் கேட்பது?